முதலமைச்சர் காப்பீட்டுல எதை முதல்ல மாத்தச் சொல்றது? நாலு கோரிக்கை, நாலுக்கும் கணக்கு

கிராம சபைக்கு மனு எழுதுறவங்க, சங்கத்துல தீர்மானம் போடுறவங்க, கொஞ்ச நாளா பல பேர் என்கிட்ட ஒரே கேள்வியைத்தான் கேக்குறாங்க. காப்பீட்டுத் திட்டத்தை விரிவாக்கணும்னு எல்லாரும் ஒத்துக்கிறாங்க, ஆனா எதை விரிவாக்கறதுன்னு வந்தா ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க. ஒருத்தர் வருமான வரம்பை எடுங்கங்கிறார், இன்னொருத்தர் 5 லட்சம் பத்தாது 25 லட்சம் ஆக்குங்கங்கிறார், மூணாவது ஆள் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு ஏன் காசு கொடுக்கணும், அரசே நேரா நடத்தட்டும்னு சொல்றார், நாலாவது ஆள் மாத்திரைக்கும் டெஸ்டுக்கும் ஆகுற செலவை யார் பாக்கிறதுன்னு கேக்குறார். நாலு பேரு பேச்சுலயும் ஞாயம் இருக்கு. ஆனா நாலையும் ஒரே மனுவுல எழுதினா ஒண்ணும் நடக்காதுங்கிறது என் அனுபவம், அதனால ஒவ்வொண்ணா எடுத்து வச்சு பாத்துடுவோம்.

முதல்ல பின்னணி, சுருக்கமா. 2009 ஜூலையில கலைஞர் காப்பீட்டுத் திட்டம்னு வந்துச்சு, ஸ்டார் ஹெல்த் மூலமா குடும்பத்துக்கு 1 லட்சம். எங்க பக்கம் இன்னும் நிறைய பேர் 'கலைஞர் காப்பீடு'ன்னுதான் சொல்றாங்க. 2012 ஜனவரி 11ல ஜெயலலிதா ஆட்சியில அது முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமா மாறுச்சு, யுனைடெட் இந்தியா கம்பெனி வந்துச்சு. 2018ல ஒன்றிய அரசோட ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டுத் திட்டத்தோட இணைஞ்ச பிறகு வருஷத்துக்கு 5 லட்சம் ஆச்சு. 2022 ஜனவரியில மறுபடி 5 வருஷத்துக்கு ஒப்பந்தம் போட்டாங்க. அப்போ வருமான வரம்பு 72,000ல இருந்து 1,20,000 ஆச்சு, கம்பெனிக்கு அரசு கட்டுற பிரீமியம் குடும்பத்துக்கு வருஷம் 849 ரூபாய், உள்ள இருக்கிற குடும்பங்கள் சுமார் 1.37 கோடி. பெருக்கிப் பாத்தா வருஷம் 1,160 கோடி ரூபாய்க்கு மேல வருது. அந்த 5 வருஷம் 2027 ஜனவரியோட முடியுது. அடுத்த ஒப்பந்தத்துல என்ன எழுதுறாங்களோ அதுதான் அப்புறம் பல வருஷத்துக்கு நம்ம தலையில நிக்கும், அதனாலதான் இப்பவே பேசணும்னு சொல்றேன்.

## எதை வச்சு எடை போடுறது

நான் அஞ்சு விஷயம் பாக்குறேன்.

1. இப்ப வெளிய நிக்கிறவங்க எத்தனை பேரை உள்ள கொண்டு வருது.
2. நோயாளி கையில இருந்து போற காசு நிஜமாவே குறையுதா.
3. அரசு ஆஸ்பத்திரி பலமாகுதா, இல்ல கூட்டம் மட்டும் கூடுதா.
4. ஆஸ்பத்திரிக்கு பணம் நேரத்துக்கு போகுமா. போகலேன்னா கார்டு இருந்தும் 'பெட் இல்ல'ன்னுதான் பதில் வரும்.
5. போலி பில்லுக்கு எவ்வளவு இடம் கொடுக்குது.

இதுல ரெண்டாவதுக்குத்தான் நான் அதிக மதிப்பு கொடுப்பேன், முன்னாடியே சொல்லிடுறேன். கார்டை கையில வச்சுக்கிட்டே நகையை அடகு வச்ச குடும்பங்களைப் பாத்தவன் நான், அதனால என் தராசு அந்தப் பக்கம் சாயும்.

## வழி 1: வருமான வரம்பை எடுத்துட்டு எல்லாருக்கும் கொடுக்கிறது

வருஷம் 1,20,000ன்னா மாசம் 10,000. கட்டட வேலைக்கு போறவர் ஒருத்தர் நாளைக்கு 600 ரூபாய்னு மாசம் 25 நாள் வேலை பாத்தா 15,000 ஆச்சு, வருஷத்துக்கு 1,80,000, வரம்பை தாண்டிட்டாரு. அந்த வீட்டுல இன்னொருத்தர் வேலைக்கு போனா கேக்கவே வேணாம். அப்ப 1.37 கோடி குடும்பம் எப்படி உள்ள இருக்குன்னா வருமான சான்றுல எழுதுற தொகைக்கும் நிஜ வருமானத்துக்கும் பல இடத்துல சம்பந்தமே இருக்காது, எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம்தான். உள்ளதை உள்ளபடி சொன்னவங்கதான் வெளிய நிக்கிறாங்க. எங்க சொந்தத்துல ஒரு அக்கா, வீட்டுக்காரர் ஆட்டோ ஓட்டுறார், சான்றுல 1,32,000ன்னு வந்துடுச்சு. கர்ப்பப்பை ஆபரேஷனுக்கு தேதி குறிச்சாச்சு, 12,000 ரூபாய் வித்தியாசத்துல கார்டு கிடைக்கல. அந்த வாரம் முழுக்க நானும் அவங்களும் அலைஞ்ச அலைச்சல் இன்னும் மனசுல இருக்கு.

இதைவிட மோசமான ஒரு ஓட்டை இருக்கு, பல பேர் கவனிக்கிறதில்ல. சம்பளத்துல பிடிச்சு நடத்துற தொழிலாளர் காப்பீடான இஎஸ்ஐக்கு சம்பள வரம்பு மாசம் 21,000. முதலமைச்சர் காப்பீட்டுக்கு மாசம் 10,000. 22,000 சம்பளம் வாங்குற ஒருத்தர் ரெண்டுலயும் இல்ல. 15,000 சம்பளத்துல, இஎஸ்ஐ பிடிக்காத சின்ன கடையிலயோ பட்டறையிலயோ வேலை பாக்கிறவரும் ரெண்டுலயும் இல்ல. தனியார் பாலிசி எடுக்கலாம்னா 2025 செப்டம்பர்ல ஜிஎஸ்டியை எடுத்த பிறகும் வயசான அப்பா அம்மாவை சேத்து குடும்பத்துக்கே எடுக்கிறது சுலபம் இல்ல, சர்க்கரை இருக்குன்னு சொன்னதும் காத்திருப்பு காலம்னு ஆரம்பிச்சிடுவாங்க. 70 வயசு ஆனவங்களுக்கு வருமானம் பாக்காம 5 லட்சம்னு ஒன்றிய அரசு 2024 அக்டோபர்ல ஆரம்பிச்சுச்சு, அதுல கொஞ்சம் பேருக்கு வழி பிறக்கும். 45ல இருந்து 70க்குள்ள இருக்கிறவங்கதான் நடுவுல மாட்டிக்கிறாங்க, மாரடைப்பு அந்த வயசுலதானே வருது.

மத்த மாநிலத்துல ஆளுக்கு ஒரு மாதிரி செஞ்சிருக்காங்க. ராஜஸ்தான் 2021ல சிரஞ்சீவி திட்டம்னு கொண்டு வந்தப்போ ஏழைக் குடும்பத்துக்கு இலவசம், மத்தவங்க வருஷம் 850 ரூபாய் கட்டி சேரலாம்னு வச்சாங்க. மகாராஷ்டிரா 2023ல எந்த கலர் ரேஷன் கார்டா இருந்தாலும் சரின்னு திறந்து விட்டுச்சு. கர்நாடகா 2018ல வேற மாதிரி போச்சு, வறுமைக்கோட்டுக்கு மேல இருக்கிறவங்களுக்கு பேக்கேஜ் தொகையில, அதாவது ஒரு சிகிச்சைக்குன்னு அரசு நிர்ணயிச்ச தொகையில, 30 சதவீதம் மட்டும் அரசு தரும், மீதி அவங்கவங்க பாத்துக்கணும். இதுல கர்நாடகா வழி எனக்கு பிடிக்கல, 70 சதவீதம் கையில இருந்து கட்ட முடிஞ்சவருக்கு அந்த 30 பெருசா உதவாது, கட்ட முடியாதவருக்கு 30 இருந்தும் ஆபரேஷன் நடக்காது.

செலவு எவ்வளவு? தமிழ்நாட்டுல குடும்ப அட்டை சுமார் 2.2 கோடி. வெளிய இருக்கிறவங்க 83 லட்சம்னு வச்சு அதே 849ஆல பெருக்கினா 700 கோடிக்கு பக்கத்துல வருது. அதுல இஎஸ்ஐ, அரசு ஊழியர் காப்பீடுன்னு ஏற்கனவே வேற பாதுகாப்புல இருக்கிறவங்களை கழிச்சா இன்னும் குறையும், அடுத்த டெண்டர்ல பிரீமியம் ஏறினா கூடும்.

மறைஞ்சிருக்கிற செலவு ரெண்டு. விருப்பப்பட்டா காசு கட்டி சேரலாம்னு விட்டா நல்லா இருக்கிறவங்க சேர மாட்டாங்க, நோய் வந்த பிறகுதான் ஓடி வருவாங்க, திட்டம் சீக்கிரமே நஷ்டத்துல போகும். அதனால சேர்க்கிறதுன்னா ரேஷன் கார்டை வச்சு எல்லாரையும் தானா சேத்துடணும். இன்னொண்ணு இடம். கார்டு கொடுத்ததால பெட் கூடிடாது. சென்னை, கோயம்புத்தூர், மதுரையில தனியார் ஆஸ்பத்திரி நிறைய இருக்கு, மலைப்பகுதியிலயும் சின்ன தாலுகாவுலயும் கார்டை நீட்ட ஆஸ்பத்திரி ரொம்ப கம்மி.

யாருக்கு நல்லது: சின்ன கடை வச்சிருக்கிறவங்க, ஒப்பந்த வேலைக்காரங்க, ஆட்டோ டாக்ஸி ஓட்டுறவங்க, 15,000ல இருந்து 30,000 வரைக்கும் வருமானம் உள்ள வீடுகள்.

## வழி 2: 5 லட்சத்தை 10, 25 லட்சம்னு ஏத்துறது

மேடையில சொல்ல வசதியான கோரிக்கை இது. தெலங்கானா 2023 டிசம்பர்ல 10 லட்சம் ஆக்குச்சு, ராஜஸ்தானும் ஆந்திராவும் அதே 2023ல 25 லட்சம் வரைக்கும் போனாங்க. நம்மளும் ஏன் போகக்கூடாதுன்னு கேக்குறதுல தப்பில்ல.

ஆனா ஒரு விஷயம் புரிஞ்சுக்கணும். 5 லட்சங்கிறது வருஷத்துக்கு குடும்பத்துக்கு உச்சவரம்பு. ஆஸ்பத்திரிக்கு போறது ஒவ்வொரு சிகிச்சைக்கும்னு நிர்ணயிச்ச பேக்கேஜ் தொகைதான். உச்சவரம்பை 25 ஆக்கினாலும் அந்த பேக்கேஜ்ல ஒரு ரூபாய் கூடாது. தனியார்ல 'இந்த ரேட்டுக்கு கட்டுபடியாகாது, மேல இவ்வளவு கட்டுங்க'ன்னு கேக்குறாங்கன்னா (கேக்கவே கூடாது, திட்டமே பணமில்லா சிகிச்சைதான்) பிரச்சினை பேக்கேஜ்ல இருக்கு, உச்சவரம்புல இல்ல. ஒரு வருஷத்துல 5 லட்சத்தை முழுசா தொடுற குடும்பங்கள் மொத்தத்துல ரொம்ப கொஞ்சம்தான் இருக்க முடியும், இல்லேன்னா 849 ரூபாய் பிரீமியத்துல இந்த திட்டம் நின்னே இருக்காது. உறுப்பு மாற்று மாதிரி பெரிய செலவுக்கு தமிழ்நாட்டுல கார்ப்பஸ் ஃபண்ட்னு அரசு தனியா ஒதுக்கி வச்ச நிதி இருக்கு, அதுல இருந்து தர்றாங்க.

அப்ப இந்த கோரிக்கையே தேவையில்லையான்னா அப்படியும் சொல்ல மாட்டேன். புற்றுநோய் திரும்ப வந்தவங்க, தீக்காயத்துல மாசக்கணக்கா கிடக்கிறவங்க, குறைமாசத்துல பொறந்து ரொம்ப நாள் ஐசியுல இருக்கிற குழந்தை, ஒரே வீட்டுல ஒரே வருஷத்துல ரெண்டு பேருக்கு பெரிய நோய், இவங்களுக்கு 5 லட்சம் பத்தாது. இவங்களுக்காக கேக்கணும்னா எல்லாருக்கும் 25 லட்சம்னு கேக்காம இந்த நோய்களுக்கு கார்ப்பஸ் ஃபண்டை திறந்து விடுங்கன்னு கேளுங்க, செலவு கம்மி, பலன் அதே. விலையை எல்லாருக்கும் சேத்து குறைக்கிறது எவ்வளவு தூரம் போகும்னு பாக்கணும்னா இதய ஸ்டென்ட்டைப் பாருங்க. 2017 பிப்ரவரியில மருந்து பூசின ஸ்டென்ட்டுக்கு ஒன்றிய அரசு 29,600 ரூபாய்னு உச்ச விலை வச்சுச்சு, கார்டு இருந்தவங்க இல்லாதவங்க ரெண்டு பேருக்கும் அது உதவுச்சு.

யாருக்கு நல்லது: ஒரே வருஷத்துல திரும்பத் திரும்ப அட்மிட் ஆகுறவங்க. எண்ணிக்கையில கொஞ்சம், கஷ்டத்துல ரொம்ப பெருசு.

## வழி 3: இன்சூரன்ஸ் கம்பெனியை விட்டுட்டு அரசே நேரா நடத்துறது

இதை ட்ரஸ்ட் முறைன்னு சொல்வாங்க. கம்பெனிக்கு பிரீமியம் கட்டாம அரசு ஒரு அமைப்பை வச்சு ஆஸ்பத்திரி பில்லை நேரா பாத்து நேரா பணம் கொடுக்கும். கம்பெனிக்கு லாபம் போறது மிச்சம். ஆந்திராவுல 2007ல ஆரோக்யஸ்ரீ ஆரம்பிச்சப்போ இன்சூரன்ஸ் வழியாத்தான் ஆரம்பிச்சாங்க, அப்புறம் ட்ரஸ்டுக்கு மாறுனாங்க. கேரளா 2020 ஜூலையில மாறுச்சு. தமிழ்நாடு இப்பவே பாதி அப்படித்தான், ஆயுஷ்மான் பாரத் வகைப்பாட்டுல நம்ம மாநிலம் கலப்பு முறை, கீழ்த்தட்டு தொகை இன்சூரன்ஸ் கம்பெனி பொறுப்பு, அதுக்கு மேல போனா அரசு பொறுப்பு. அதனால முழுசா மாறுறது நம்மளுக்கு புது இடத்துக்கு போற மாதிரி இருக்காது.

எங்க இடிக்கும்னா பணம் வர்ற வேகத்துல. கம்பெனின்னா ஒப்பந்தம் இருக்கு, கெடு இருக்கு, தாமதமானா அபராதம்னு எழுதி வைக்கலாம். அரசுன்னா நிதித்துறை விடுவிக்கிறப்பதான் பணம். ஹரியானாவுல 2025 ஆகஸ்ட்ல நிலுவை சேந்து போச்சுன்னு தனியார் ஆஸ்பத்திரிகள் ஆயுஷ்மான் சிகிச்சையையே நிறுத்துனாங்க. அந்த நேரத்துல டயாலிசிஸ்ல இருந்தவரோட நிலைமையை யோசிச்சுப் பாருங்க, அவரால ஒரு வாரம்கூட தள்ளிப்போட முடியாது.

அடுத்தது கண்காணிப்பு. வர்ற பில்லு நிஜமான்னு பாக்க டாக்டர்கள் வேணும், கணக்கு தெரிஞ்சவங்க வேணும், அவங்க மேல யாரும் கை வைக்க முடியாத அளவு சுதந்திரம் வேணும். 2023ல வந்த தணிக்கை அறிக்கையில ஆயுஷ்மான் பாரத் பதிவுகள்ல கிட்டத்தட்ட 7.5 லட்சம் பேருக்கு ஒரே செல்போன் நம்பர், பத்தும் ஒன்பதா இருக்கிற நம்பர், போட்டிருந்ததை எடுத்துக் காட்டுனாங்க. இறந்து போனவங்க பேர்ல சிகிச்சை காட்டினதும் அதே அறிக்கையில வந்துச்சு. இன்சூரன்ஸா ட்ரஸ்டாங்கிறதைவிட பில்லை யார் சரி பாக்குறாங்கங்கிறது முக்கியம்னு அதுல இருந்து நான் புரிஞ்சுக்கிட்டேன்.

நோயாளி பக்கத்துல இருந்து பாத்தா இந்த மாற்றத்தால உடனே ஒரு வித்தியாசமும் தெரியாது. ஆஸ்பத்திரியில காப்பீட்டு வேலையைப் பாக்குற வார்டு மேனேஜர் அதே ஆளு, அப்ரூவலுக்கு காத்திருக்கிறதும் அதே மாதிரி. மிச்சமாகுற காசு எங்க போகுதுங்கிறதுலதான் பலன். அது பொது நிதியில கரைஞ்சு போச்சுன்னா யாருக்கும் லாபமில்ல.

எப்ப நல்லது: ரெண்டு மூணு மாச பில்லுக்கு ஆகுற பணத்தை தனி நிதியா முன்கூட்டியே ஒதுக்கி, பில் வந்த இத்தனை நாளுக்குள்ள பட்டுவாடான்னு விதியில எழுதி வச்சா. அது இல்லாம மாத்துறதுக்கு இப்ப இருக்கிற கலப்பு முறையே தேவலாம்.

## வழி 4: புறநோயாளி செலவு, மாத்திரை, டெஸ்ட்

இங்கதான் என் மனசு இருக்கு, கொஞ்சம் நீளமா பேசுறேன்.

காப்பீடு பெரும்பாலும் அட்மிஷன் ஆன பிறகுதான் வேலை செய்யுது. அதுக்கு முன்னாடி ஸ்கேன் எங்க எடுக்கிறது, ரத்த டெஸ்டுக்கு யார் கட்டுறது, டிஸ்சார்ஜ் ஆகி வந்த பிறகு வாழ்நாள் பூரா போடுற மாத்திரைக்கு என்ன வழி, வாரத்துக்கு ரெண்டு மூணு தடவை டயாலிசிஸுக்கு போக பஸ் காசு, கூட வர்றவரோட அன்னன்னிக்கு கூலி, இது எதுவும் பேக்கேஜ் கணக்குல முழுசா வராது. நாட்டு அளவுல மருத்துவச் செலவுல மக்கள் தங்கள் கையில இருந்து போடுறது 2013-14ல 64.2 சதவீதமா இருந்து 2021-22ல 39.4 சதவீதமா குறைஞ்சிருக்குன்னு தேசிய சுகாதாரக் கணக்கு சொல்லுது. நல்ல விஷயம். இருந்தாலும் 100 ரூபாயில 39 ரூபாய் இன்னும் நம்ம பாக்கெட்ல இருந்துதான் போகுது, அதுல பெரும்பங்கு மருந்துக்கும் புறநோயாளி செலவுக்கும் போறதுன்னு இந்தியாவுல எடுத்த சர்வேக்கள் திரும்பத் திரும்ப சொல்லியிருக்கு. மாசம் 1,500 ரூபாய் மாத்திரைக்கு போற வீட்டுல வருஷத்துக்கு 18,000 ஆகுது. ஆபரேஷன்னு ஊரே பேசும், இந்த 18,000 சத்தமில்லாம போயிட்டே இருக்கும். மாத்திரையை நிறுத்திட்டு ரெண்டு வருஷம் கழிச்சு பக்கவாதத்தோட வந்து சேர்றவங்களுக்கு அப்புறம் காப்பீடு லட்சக்கணக்குல செலவு பண்ணும்.

இதை தனியார் கிளினிக்குக்கு இன்சூரன்ஸ் கார்டு கொடுத்து செய்யலாம்னு சிலர் சொல்றாங்க. எனக்கு உடன்பாடில்ல. 200 ரூபாய் 300 ரூபாய் பில்லு கோடிக்கணக்குல வரும், ஒவ்வொண்ணையும் சரி பாக்கிற செலவு பில்லைவிட அதிகமாயிடும், போலிக்கு கதவை திறந்து விட்ட மாதிரி.

நம்மகிட்ட ஏற்கனவே வேற வழி இருக்கு. 1994ல ஆரம்பிச்ச தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மொத்தமா மருந்து வாங்கி எல்லா அரசு ஆஸ்பத்திரிக்கும் அனுப்புது, பல மாநிலம் வந்து பாத்துட்டு போன ஏற்பாடு. 2021 ஆகஸ்ட் 5ல கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில ஆரம்பிச்ச மக்களைத் தேடி மருத்துவம் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் வீட்டுக்கே மாத்திரை கொண்டு வருது. அதுக்கும் முன்னாடி 2017 வாக்குல சூளகிரி, விராலிமலை, வேப்பூர்னு மூணு வட்டாரத்துல துணை சுகாதார நிலையங்களை ஆள் போட்டு, மருந்து வச்சு பலப்படுத்திப் பாத்தாங்க, சென்னை ஐஐடி ஆளுங்க ஆராய்ஞ்சாங்க. ஜனங்க தனியாரை விட்டு பக்கத்துல இருக்கிற துணை நிலையத்துக்கு வர ஆரம்பிச்சாங்க, கைச்செலவும் குறைஞ்சது. கதவு பக்கத்துல இருந்து உள்ள மருந்தும் ஆளும் இருந்தா ஜனங்க வருவாங்கங்கிறதுக்கு இதைவிட என்ன வேணும்.

மறைஞ்ச செலவு இதுல சம்பளம். செவிலியர், லேப் டெக்னீஷியன், மருந்தாளுநர்னு நிரந்தரமா ஆள் போடணும், ஒரு வருஷத்துல பலன் தெரியாது, இத்தனை ஆபரேஷன் செஞ்சோம்னு கணக்கு காட்ட முடியாது. மருந்து கொஞ்ச நாள் இல்லாம போனாலும் நம்பிக்கை போயிடும், போன நம்பிக்கை திரும்ப வர ரொம்ப காலம் ஆகும். அதோட பெரிய நோய் வந்த வீட்டுக்கு இந்த வழி அன்னைக்கு உதவாது.

யாருக்கு நல்லது: சர்க்கரை, பிரஷர், ஆஸ்துமா, வலிப்பு, மனநல மருந்து சாப்பிடுறவங்க, டயாலிசிஸ்ல இருக்கிறவங்க, மலைக்கிராமங்கள்.

## ஒரே பார்வையில

| பாக்க வேண்டியது | வரம்பை எடுக்கிறது | தொகையை ஏத்துறது | ட்ரஸ்ட் முறை | மருந்து, டெஸ்ட் |
|---|---|---|---|---|
| புதுசா உள்ள வர்றவங்க | ரொம்ப அதிகம் | யாருமில்ல | யாருமில்ல | அதிகம், கார்டே வேணாம் |
| கைச்செலவு | அட்மிட் ஆனா குறையும் | கொஞ்சம் பேருக்கு மட்டும் | நேரா குறையாது | மாசாமாசம் குறையும் |
| அரசு ஆஸ்பத்திரி | கூட்டம் கூடும் | மாற்றமில்ல | மிச்சக் காசு வந்தா பலம் | நேரடி பலம் |
| பணம் வர்ற வேகம் | பிரீமியத்தைப் பொறுத்தது | கார்ப்பஸ் ஃபண்டுன்னா சமாளிக்கலாம் | பெரிய ஆபத்து | சம்பள பட்ஜெட்ல ஏறும் |
| போலி பில்லு | இப்ப இருக்கிற அளவு | கொஞ்சம் கூடலாம் | கண்காணிப்பைப் பொறுத்தது | அரசு வழியா கொடுத்தா கம்மி |

## நான் கேட்டா எப்படி கேப்பேன்

நாலாவது வழி முதல்ல, அதோட சேத்தே முதல் வழி. ரெண்டும் ஒண்ணையொண்ணு தாங்கும், மாத்திரை ஒழுங்கா கிடைச்சா பெரிய அட்மிஷன் குறையும், அட்மிஷன் குறைஞ்சா எல்லாரையும் சேக்கிற செலவு தாங்கும். ட்ரஸ்ட் முறையை மேல சொன்ன நிபந்தனையோடதான் கேப்பேன். 25 லட்சத்தை கடைசியில வைப்பேன்.

என் வரிசையே எல்லாருக்கும் பொருந்தாது. புற்றுநோய் நோயாளிகளுக்காக வேலை செய்யுற அமைப்பு நீங்கன்னா கார்ப்பஸ் ஃபண்டை விரிக்கச் சொல்றதுதான் உங்க முதல் கோரிக்கை, அதுல குழப்பமே வேணாம். வியாபாரிகள் சங்கம், ஓட்டுநர் சங்கம்னா வருமான வரம்பு. சாலை விபத்துக்கு 2021 டிசம்பர்ல வந்த இன்னுயிர் காப்போம் திட்டத்துல முதல் 48 மணி நேரத்துக்கு வருமானமும் கேக்கல, கார்டும் கேக்கல, எந்த ஊர்க்காரர்னும் கேக்கல. அதை முன்மாதிரியா காட்டி மாரடைப்புக்கும் பக்கவாதத்துக்கும் அப்படியே பண்ணுங்கன்னு கேக்கலாம், வரம்பை முழுசா எடுக்க அரசு தயங்கினா இது நல்ல நடுவழி.

கிராம சபை மனுன்னா இன்னும் கீழ இறங்கி எழுதுங்க. நம்ம ஊர் துணை சுகாதார நிலையத்துல எந்த மாத்திரை எத்தனை நாளா இல்ல, எந்த டெஸ்டுக்கு வெளிய அனுப்புறாங்க, டயாலிசிஸுக்கு எவ்வளவு தூரம் போறாங்க, வருமான சான்று தொகையால கார்டு மறுக்கப்பட்ட குடும்பம் எத்தனை. இந்த நாலுக்கும் எண்ணிக்கையை எழுதி, கையெழுத்து வாங்கி, தீர்மானப் புத்தகத்துல ஏத்தச் சொல்லி நகலை கையோட வாங்கிட்டு வந்துடுங்க.